ரப்பர் விளைகளுக்கு இருப்பிடக் கோப்பு: நான் பட்ட பாடும் தெரிந்துகொண்டதும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு சிறிய ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பால் அளந்து வாங்குவது, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) பார்த்துப் பணம் போடுவது, மாதக் கடைசியில் ஆலைக்குப் பில் அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. 2024 ஓணம் முடிந்த சமயத்தில், எங்களிடம் பால் எடுக்கும் ஆலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உறுப்பினர்கள் எல்லாருடைய தோட்டத்தின் இருப்பிடக் கோப்பையும் ஜியோஜேசன் வடிவில் அனுப்ப வேண்டும், கோப்பு வந்த தோட்டத்துப் பாலுக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதல், வராத தோட்டத்துப் பாலைத் தனியாக வைப்போம் என்று இருந்தது. கேள்விப்படாத சொற்கள். ஜியோஜேசன் என்பது இருப்பிட எண்களை எழுதிவைக்கும் ஒரு கம்ப்யூட்டர் கோப்பு வகை என்று பிறகுதான் தெரிந்தது. ஆலைக்குப் போன் போட்டால் "அதெல்லாம் மேலே இருந்து கேட்கிறார்கள்" என்று வைத்துவிட்டார்கள். சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் தெரிந்தது நான் ஒருத்திதான். அன்று தொடங்கிய வேலை ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்தது. மார்த்தாண்டம், அருமனை, திருவட்டாறு பக்கம் இதே வேலையை இப்போது கையில் எடுத்திருப்பவர்கள் என்னைப் போல ஒவ்வொரு சுவரிலும் முட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் விவசாயிகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், பதில் சொல்ல எனக்கே பல நாள் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பொருள்களும், இவற்றிலிருந்து செய்யும் சரக்குகளும் ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமானால், அவை விளைந்த நிலத்தில் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்டிருக்கக் கூடாது. அதோடு, விளைந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு விளைந்ததாகவும் இருக்க வேண்டும். இதைக் காட்ட, விளைந்த இடம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து யாரும் ஐரோப்பாவுக்கு நேராகப் பால் அனுப்புவதில்லை. ஆனால் நம் பால் கையுறையாகிறது, நம் ரப்பர் ஷீட் டயராகிறது. கையுறையும் டயரும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செய்து அனுப்புகிறவர் ஆலையைக் கேட்கிறார், ஆலை சங்கத்தைக் கேட்கிறது, சங்கம் இருபது சென்ட் விளை (எங்கள் பக்கம் தோட்டத்தை இப்படித்தான் சொல்வோம்) வைத்திருக்கும் பாட்டியிடம் போய் நிற்கிறது. இடம் தெரிந்த பாலையும் தெரியாத பாலையும் ஒரே டாங்கில் கலந்துவிட்டுக் கணக்கில் மட்டும் பிரித்துக் காட்ட இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் ஒவ்வொரு விளையையும் கேட்கிறார்கள்.

ஆறு தசம இலக்கத்தில் வேண்டும் என்று ஆலை எழுதியிருந்தது. சரி, அளப்பது அளவுக்காரர் வேலை என்று நினைத்து, பத்திரப் பதிவுக்கு நிலம் அளந்து கொடுக்கும் ஒருவரைப் பிடித்தோம். ஒரு விளைக்கு 600 ரூபாய் பேசினார். முதல் கட்டமாக முப்பது விளை அளந்ததில் 18,000 ரூபாய் சங்கத்திலிருந்து போனது. ஐப்பசி மழை, சேறு, அட்டை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். அழகாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.எஃப். படம் கொடுத்தார். அதை ஆலைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்ட பிறகு, "இது எதுவும் பயன்படாது" என்ற ஒற்றை வரி வந்தது. காரணம் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. அவர் கொடுத்த எண்கள் யூ.டி.எம். என்ற முறையில் மீட்டரில் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறிலக்கம், 753 என்றும் 925 என்றும் தொடங்கும். ஆலை கேட்டது டிகிரியில், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். படமாக இருந்ததால் மாற்றவும் வழியில்லை, மூல எண்களைக் கேட்டபோது அவர் கருவியிலிருந்து அழித்துவிட்டிருந்தார். அந்த 18,000 போனது போனதுதான். சங்கக் கூட்டத்தில் அந்தச் செலவைப் படித்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து லிட்டர் பால் ஊற்றி வாழ்கிறவர்களின் பணம் அது.

ஆகவே யாரிடம் அளக்கக் கொடுத்தாலும், பணம் பேசும் முன் இதைப் பேசிவிடுங்கள். எண்கள் டிகிரி தசமத்தில் வேண்டும், டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அடிப்படையில் வேண்டும், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும், படம் மட்டும் போதாது, ஜியோஜேசன் அல்லது குறைந்தபட்சம் கூகுள் எர்த்தில் திறக்கும் கே.எம்.எல். கோப்பாகக் கையில் வர வேண்டும். முதலில் ஒரே ஒரு விளையை மட்டும் அளந்து ஆலைக்கு அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பாடு தீர்ந்திருக்கும்.

இன்னொன்று. சட்டப்படி 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்துக்குத்தான் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அதற்குக் குறைவான தோட்டத்துக்கு உள்ளே ஒரு புள்ளி வைத்தால் போதும். 4 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 9 ஏக்கர் 88 சென்ட். எஸ்டேட்டுகளை விட்டால் நம் மாவட்டத்தில் அவ்வளவு வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆக நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் புள்ளியே போதும். ஆனால் வாங்கும் ஆலைகள் சில, சிறு தோட்டத்துக்கும் எல்லைக்கோடு கேட்கின்றன, எங்கள் ஆலையும் கேட்டது. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளி போதும் என்று சொன்னால், அந்தப் புள்ளியோடு பரப்பளவையும் மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐரோப்பிய அமைப்பு அதை 4 ஹெக்டேர் என்றே எடுத்துக்கொள்ளும். புள்ளியைச் சுற்றி 4 ஹெக்டேருக்கு வட்டம் போட்டால் அது நாலு பக்கமும் 110 மீட்டருக்கு மேல் போகும். பேச்சிப்பாறைக்கு மேலே, பத்துகாணி ஓரத்தில், காட்டை ஒட்டி நாற்பது சென்ட் வைத்திருப்பவருக்கு அந்த வட்டம் நேராக வனத்துக்குள் போய் விழும். அவருக்குச் சம்பந்தமே இல்லாத மரம் அவர் கணக்கில் ஏறும். அதனால் காட்டோரத்து விளைகளுக்கு மட்டுமாவது, கேட்காவிட்டாலும், எல்லைக்கோடு எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

2024 டிசம்பரில் சட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. 2024 டிசம்பர் 30-இல் அமலாக வேண்டியது 2025 டிசம்பர் 30 என்று ஆனது. எனக்கு மூச்சு வந்தது, ஆனால் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போனது. "வராத சட்டத்துக்கு எதுக்கு மக்களே இந்த அலைச்சல்" என்று பெரியவர்கள் கேட்டார்கள். நான் வேலையை நிறுத்தவில்லை. அளவுக்காரருக்கு இனிமேல் பணமில்லை, போனை வைத்து நானே நடப்பது என்று முடிவு செய்தேன்.

போனில் நடந்து எல்லை எடுக்கும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. சிக்கல் செயலியில் இல்லை, மரத்தில் இருக்கிறது. தழைத்து நிற்கும் ரப்பருக்கு அடியில் போன் வானத்தைப் பார்க்க முடியாமல் தடுமாறும். ஒரு மாமாவின் விளையில் கார்த்திகை மாதம் நடந்து பார்த்தேன். அவர் கையாலையை (எல்லை மண்சுவரை) தொட்டபடி முன்னால் போகிறார், அவர் காலடி பார்த்து நான் போகிறேன். போனில் விழுந்த கோடோ, பக்கத்து விளைக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, திரும்பி வந்து தன்னையே வெட்டிக்கொண்டு நிற்கிறது. துல்லியம் 14 மீட்டர் என்று காட்டியது. அதே விளையில் தை மாதம், இலை முழுக்க உதிர்ந்து, காலடியில் சருகு சரசரக்கக் கிளைகளுக்கு நடுவே வெறும் வானம் தெரிந்த நாளில், மறுபடியும் நடந்தேன். 3 மீட்டர் என்று காட்டியது. கோடு கையாலையோடு ஒட்டியே போனது. ரப்பர் இலையுதிர்க்கும் மார்கழி, தை, மாசிதான் இந்த வேலைக்குக் காலம். பால் வெட்டும் குறைவாக இருக்கும், வீட்டுக்காரரும் கூட வருவார். புதுத்தளிர் விரிந்த பிறகு தொடங்கினால் அடுத்த தை வரை காத்திருக்க நேரிடும்.

நடக்கும்போது நான் கண்டுகொண்ட சில விஷயங்கள். கையில் போனைத் தாழ்த்திப் பிடிக்காமல் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் சும்மா நின்று, போன் இடத்தைப் பிடித்த பிறகுதான் நகர வேண்டும். விடாமல் தானாகப் பதியவிட்டால் கோடு நெளிநெளியாக வரும். மூலைக்கு மூலை நின்று ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவது சுத்தமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் அந்தக் கோட்டை வைத்துப் பார்க்க வேண்டும். பாதையும் வீட்டுக் கூரையும் தெரியும், கோடு தப்பிப் போயிருந்தால் கண்ணிலேயே படும். மேலும், வீடு, ஷீட் உலர்த்தும் புகைப்புரை, கிணறு, தென்னை நிற்கும் முற்றம் இவற்றைச் சேர்க்காமல் ரப்பர் நிற்கும் இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். சட்டம் கேட்பது பால் வந்த இடத்தை, பட்டா முழுவதையும் கேட்கவில்லை.

அப்புறம் கோப்பு. இங்கேதான் மாதக்கணக்கில் நேரம் போனது. அனுப்புவேன், ஆலையின் சோதனை மென்பொருள் திருப்பி அனுப்பும், எதற்கென்று சொல்லாது. நானே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நாம் வழக்கமாக, கூகுள் மேப்பில் பார்ப்பது போல, அட்சரேகையை முதலில் சொல்வோம். நம் மாவட்டத்தின் அட்சரேகை 8.0-க்கும் 8.6-க்கும் நடுவே, தீர்க்கரேகை 77.1-க்கும் 77.6-க்கும் நடுவே. கோப்பில் 77 முதலில் வர வேண்டும். மாறிப் போனால் குலசேகரத்து விளை நார்வேக்கு வடக்கே, துருவத்துக் கடலில் போய் நிற்கும். ஆலை கொடுத்த எக்செல் படிவத்தில் அட்சரேகைக்கான கட்டம் முதலில் இருந்தது. அதை அவர்கள் பக்கம் கோப்பாக மாற்றியபோது வரிசை மாறாமல் அப்படியே போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில வாரம் ஆனது.

அடுத்தது கடைசி பூஜ்ஜியம். எக்செலில் 8.366120 என்று அடித்தால் அது 8.36612 ஆகிவிடும். ஐந்து இலக்கம்தான் இருக்கிறது என்று மென்பொருள் தள்ளிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக மாற்றிக்கொண்டால் பூஜ்ஜியம் நிற்கும், அல்லது கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக வரும் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திக் குத்தலாம். ஆறாவது இலக்கம் என்பது தரையில் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மூன்றாவது, கூகுள் எர்த்தில் வரைந்த கே.எம்.எல்.-ஐ ஜியோஜேசனாக மாற்றினால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றாவதாக உயரம் என்று ஒரு பூஜ்ஜியம் ஒட்டிக்கொண்டு வரும், எடுத்துவிட வேண்டும். நாலாவது, எல்லைக்கோட்டின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும், கோடு தன்னையே வெட்டக் கூடாது. ஐந்தாவது, பக்கத்துப் பக்கத்து விளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. அண்ணன் தம்பி விளைகளில் இது நிறைய வந்தது. இவை எல்லாவற்றையும் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் திருத்தலாம். பழக ஒரு மாதம் ஆகும், ஆனால் பழகிவிட்டால் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

கோப்பில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது என்பதும் முக்கியம். உற்பத்தியாளர் பெயர், நாடு, இடத்தின் பெயர், பரப்பளவு, இவை போதும். எங்களிடம் ஒரு கட்டத்தில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. சங்கத்துக்குள் ஒவ்வொரு விளைக்கும் ஒரு குறியீட்டு எண் போட்டு, அந்த எண்ணையும் பெயரையும் மட்டும் அனுப்பினேன். பட்டா நகல், போன் நம்பர் எல்லாம் சங்கத்துப் பதிவேட்டில்தான் இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத் தாளில், என் விளையின் இருப்பிடத்தை இந்த ஆலைக்கு இந்தக் காரணத்துக்காகக் கொடுக்கச் சம்மதம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

இந்தக் கையெழுத்து எளிதில் கிடைக்கவில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தால் விற்கவும் மரம் முறிக்கவும் முடியாமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் என்று பேச்சு வந்தபோது கடையாலுமூடு, அருமனைப் பக்கம் எவ்வளவு பதற்றம் இருந்தது என்று நமக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களிடம் போய் "காடு அழிக்கவில்லை என்று காட்ட உங்கள் விளையை மேப்பில் ஏற்றப் போகிறேன்" என்றால் கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்கள்? ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்க விளையைக் காடுன்னு எழுதிட மாட்டியே மக்களே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் உறுதியான பதில் இல்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தபோது, பயந்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது.

2025 ஆடி வாக்கில் ஒருவழியாகக் கோப்புகள் உள்ளே போயின. அதன் பிறகு வந்த பதில்தான் என்னைக் கலங்க வைத்தது. ஏறக்குறைய நாலில் ஒரு விளைக்கு எதிரே, 2020-க்குப் பின் காடு இழப்பு என்று சிவப்புக் குறி. பாட்டியின் விளையும் அதில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் அங்கே பாதி மரம் சாய்ந்தது. மிச்சம் நின்ற கிழட்டு மரங்களை 2022-இல் முறித்து விற்று, மறுபடி ரப்பரே வைத்தார்கள். ரப்பர் போய் ரப்பர் வந்த இடம் அது. அங்கே காடு எப்போது இருந்தது?

நடந்தது இதுதான். சோதனை செய்கிறவர்கள் பார்ப்பது செயற்கைக்கோள் படத்திலிருந்து செய்த வரைபடங்கள். மேலே இருந்து பார்த்தால் இருபது வருஷத்து ரப்பரும் காடும் ஒரே பச்சை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கிலேயே ரப்பர்த் தோட்டம் காடு என்ற தலைப்பில்தான் வரும். மரம் முறித்தால் அந்த வரைபடத்தில் மரப்பரப்பு இழப்பு என்று விழும். ஆனால் ஐரோப்பியச் சட்டத்தின் விளக்கம் வேறு. அதில் ரப்பர் போன்ற வேளாண் தோட்டம் காடு ஆகாது. 2020-க்கு முன்னமே ரப்பராக இருந்த இடத்தில் மரத்தை முறித்து மறுநடவு செய்தால் அது காடழிப்பு ஆகாது. வரைபடத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே, அங்கே 2020-க்கு முன்பே ரப்பர் இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். இந்தச் செய்தி தெரியாமல், சிவப்புக் குறி விழுந்த விளைகளைக் கோப்பிலிருந்தே நீக்கிவிடு என்று எனக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. நீக்கியிருந்தால் அந்த வீடுகளின் பாலை இனி யாரும் நல்ல விலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். மறுநடவு செய்தவர்கள்தான் அடுத்த இருபது வருஷத்துக்குப் பால் தரப் போகிறவர்கள்.

சான்று தேடி வீடு வீடாகப் போனேன். அலமாரி, டிரங்குப் பெட்டி, பைபிளுக்கு நடுவில், சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்கெங்கோ இருந்து காகிதம் வந்தது. பாட்டி எடுத்துக் கொடுத்தது ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள், ரப்பர் வாரியத்தில் நடவு மானியத்துக்குக் கணவர் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், அதில் சர்வே எண்ணும் ஏக்கரும் எழுதி, ஓரத்தில் மஞ்சள் படிந்த சீல். அதற்குக் கீழே ஒக்கி சமயத்தில் எத்தனை ரப்பர் மரம் விழுந்தது என்று வி.ஏ.ஓ. எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். அதற்கும் கீழே 2022-இல் மரம் எடுத்த வியாபாரி கொடுத்த சீட்டு, ரப்பர் மரம் என்று எழுதி, தொகை போட்டிருந்தது. ஒரே விளையின் முப்பது வருஷம் அந்த டின்னில் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு சங்கத்துப் பழைய பால் அளவுப் புத்தகங்கள் கைகொடுத்தன. 2018, 2019-இல் அந்த வீட்டிலிருந்து பால் வந்தது என்றால் அங்கே வெட்டும் மரம் இருந்தது என்று பொருள். மரம் வைத்து 7 வருஷம் கழித்துத்தானே வெட்டுகிறோம், அப்படியானால் 2011 வாக்கிலேயே அது ரப்பர். கூகுள் எர்த்தின் கம்ப்யூட்டர் பதிப்பில் பழைய வருஷத்துப் படங்களைப் பார்க்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. 2020-க்கு முன் எடுத்த, மேகமில்லாத படம் ஒன்றைத் தேடினால் வரிசை வரிசையாக நட்ட மரமோ, தட்டுத் தட்டாகச் சீர் செய்த சரிவோ தெரியும். காடு அப்படி வரிசையில் நிற்காது. அந்தப் படத்தைத் தேதி தெரிய எடுத்து, எல்லைக்கோடு போட்டு, காகிதங்களின் நகலோடு சேர்த்து ஒரு விளைக்கு ஒரு பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினேன். அவர்கள் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அதே உணவு வேளாண்மை நிறுவனம் நடத்தும் விஸ்ப் என்ற இலவசக் கருவியில் நம் கோப்பை முன்கூட்டியே ஏற்றிப் பார்த்தால், எந்த விளைக்குக் கேள்வி வரும் என்று நமக்கே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு முதலிலேயே சான்றோடு அனுப்பியிருந்தால் எங்களுக்கு அந்த வருஷத்துக் கூடுதல் விலை கிடைத்திருக்கும். கிலோவுக்கு 3 ரூபாய் வீதம், ஒரு லட்சத்துக்கு மேல் சங்கத்துக்குக் கைநழுவியது.

பட்டா விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு என்னிடம் குறுக்கு வழி இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட விளைச்சல் என்று காட்ட நில உரிமைக் காகிதம் கேட்பார்கள். நம் மேற்குத் தாலுகாக்கள் 1956 வரை திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை, நிறையப் பேரின் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, பழைய சர்வே எண்ணும் புதிய சர்வே எண்ணும் வேறு. பட்டா தாத்தா பெயரில், வெட்டுவது பேரன், பால் ஊற்றுவது மருமகள் பெயரில். நான் செய்தது, இருக்கும் பட்டாவோடு தீர்வை ரசீது, வாரிசு விவரம், இன்னார் அனுபவத்தில் இருக்கிறது என்ற குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தேன். ஆலை தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது. நிரந்தர வழி உட்பிரிவு செய்து பெயர் மாற்றுவதுதான், இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அரசு நில வரைபடத்தில்) அளவுகள் இருக்குமே தவிர அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. அதை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தியாவைக் குறைந்த அபாய நாடு என்று 2025 மே மாதம் அறிவித்ததும் "இனி ஒன்றும் வேண்டாமாம்" என்று ஊரில் பரவியது. அப்படி இல்லை. வாங்குகிறவர் செய்ய வேண்டிய அபாய மதிப்பீடு குறையும், இருப்பிடத் தகவல் குறையாது. 2025 டிசம்பரில் சட்டம் மறுபடி தள்ளிப்போய், இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று இருக்கிறது. இந்தத் தேதிகள் ஐரோப்பாவில் சரக்கை இறக்குகிறவர்களுக்கு, சிறு விவசாயிக்கு 2027 வரை அவகாசம் என்று படித்துவிடக் கூடாது. ரப்பர் வாரியமும் தோட்டங்களை மேப்பில் ஏற்றிச் சான்று கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. தனியாகத் தொடங்கும் முன் உங்கள் பகுதி வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், ஒரே விளையை இரண்டு முறை அளக்க வேண்டியிருக்காது.

இந்த வருஷம் மரம் முறிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. கோடாலி வைக்கும் முன் விளையின் நாலு மூலையிலும் நின்று, பால் வெட்டிய பட்டையும் பால் பிடிக்கும் சிரட்டையும் தெரிகிற மாதிரி, இடமும் தேதியும் பதியும் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். எல்லைக்கோட்டையும் அன்றே எடுத்துவிடுங்கள். மரம் எடுக்கும் வியாபாரியிடம் ரப்பர் மரம் என்று எழுதி, சர்வே எண்ணும் தேதியும் போட்ட சீட்டு இல்லாமல் லாரியை விடாதீர்கள். புதுக் கன்று வாங்கும்போது நர்சரியின் பில்லையும் அதே கவரில் போடுங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது யார் மரம் முறிப்பதாகச் சொன்னாலும் முதல் நாளே நான் போய் இவற்றை எடுத்து வந்துவிடுகிறேன். ஒரு விளைக்கு அரை மணி நேரம்தான் ஆகிறது.